வள்ளி திருமணத்தில் கத்திரி வைக்கும் முன்: சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும், பழைய நாடகங்களை மறுபடி மேடையேற்ற ஆசைப்படும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தை நகரத்து அரங்கில் மீண்டும் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் சிலருக்கு இருக்கிறது. எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசையின் பேரில் நடக்கும் வேலையைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இந்த மடல்.

அப்படி ஒரு மறு அரங்கேற்றத்தைப் பார்த்தேன். எந்தக் குழு, எந்த அரங்கு என்பதெல்லாம் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பாட்டுக்கெல்லாம் பதிவு செய்த இசை. கோமாளி வேஷக்காரரான பபூன் கிடையாது. நாரதர் வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனார். வள்ளிக்குப் பட்டுப் பாவாடை, முருகனுக்கு அளவெடுத்துச் செய்த கிரீடம், கல்யாணக் காட்சியில் புகை. விளக்கமைப்பு பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரங்கத்தில் ஒருவர்கூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பயபக்தியோடு கைதட்டிவிட்டுக் கேன்டீன் பக்கம் போய்விட்டார்கள். வள்ளி திருமணத்தை இரண்டு மணி நேரம் நடத்தி யாரையும் சிரிக்க விடாமல் அனுப்புவது லேசான காரியமல்ல. அதற்குத் தனித் திறமை வேண்டும்.

அழைப்பிதழில் ‘பக்தி நாடகம்’ என்று போட்டிருந்தார்கள். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். கதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தினைப்புனத்துப் பரணில் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டும் ஒரு குறத்திப் பெண். சும்மா இருந்த சாமியிடம் போய் அவள் அழகைச் சொல்லிக் கிளப்பிவிடும் நாரதர். வேடன் வேஷத்தில் வந்து, துரத்திவந்த மானைக் காணோம் என்று புளுகும் காதலன். பெண்ணின் அப்பன் நம்பிராஜன் ஆட்களோடு வரும் சத்தம் கேட்டால் அந்தச் சூரசம்காரன் வேங்கை மரமாகி நின்றுவிடுகிறான். அப்புறம் கிழவனாக வருகிறான். பசிக்கிறது என்கிறான். தேனும் தினைமாவும் கொடுத்தால் விக்குகிறது என்கிறான், தண்ணீர் கேட்கிறான். எந்தப் பாச்சாவும் பலிக்காமல் கடைசியில் அண்ணனைத் துணைக்குக் கூப்பிடுகிறான். அண்ணன் யானையாக வந்து நிற்க, பயந்துபோன பெண் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். பாட்டு, ஆள்மாறாட்டம், ஏச்சுப்பேச்சு, முடிவில் கல்யாணம். முழுக்க முழுக்க ஓர் இசை நகைச்சுவை நாடகம் இது. சாமி இருப்பதால் நகைச்சுவை குறைந்துவிடாது. நம் ஊரில் சாமிகளைக் கிண்டல் செய்யாத கும்பிடு ஏது?

சுவாமிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்புப் பண்டகசாலைக் கணக்கு வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடக உலகில் பேர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் பாடம் படித்தார்கள். 1922இல் புதுச்சேரியில் காலமானார். ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் அவர் நாடகம் இன்னும் உயிரோடு இருப்பது மாலை போடுகிற இடங்களில் அல்ல. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில். பங்குனி பிறந்துவிட்டால், வெவ்வேறு ஊர் நடிகர்களை ஒரு ராத்திரிக்கென்று கூட்டி விடியவிடிய நடத்தும் ‘ஸ்பெஷல் நாடகம்’ இல்லாத வாரம் அந்தப் பக்கம் கிடையாது. முதல் ராத்திரி வள்ளி திருமணம் வைத்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆகவே, ‘மறைந்துபோன கலையை மீட்டெடுக்கிறோம்’ என்று துண்டறிக்கை அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். மறைந்தது நாடகம் அல்ல. அது உங்கள் அரங்குக்கு வருவதுதான் நின்றுபோயிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வெட்டு எப்போதும் தர்க்கத்தில்தான் விழுகிறது. நாரதரும் வள்ளியும் எதிரெதிரே நின்று வாதம் செய்யும் இடம், அப்புறம் வேலனும் வள்ளியும் மோதும் இடம். ஸ்பெஷல் நாடகத்தில் இது மணிக்கணக்கில் ஓடும். எழுதி வைத்த வசனம் கிடையாது. சுவாமிகள் பாட்டுகளையும் கட்டுமானத்தையும் கொடுத்துவிட்டார், நடுவில் இருக்கும் பேச்சு அன்றைக்கு அந்த மேடையில் பிறப்பது. நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நாரதர் வேறு ஊர், நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் இன்னொரு ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி ஒப்பந்தமாகி, சாயங்காலம் ஒப்பனைக் கொட்டகையில் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. பாட்டும் கதையும் எல்லோருக்கும் ஒன்று என்பதால் நாடகம் நிற்கிறது. யார் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கிட்டே போய்ப் பார்த்தால்தான் இதன் சுவை தெரியும். இரவு ஒரு மணி இருக்கும். நாரதர் சிப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டே, “தனியாக இந்தக் காட்டில் நிற்கிறாயே, உனக்குக் காவல் யார்?” என்று ஆரம்பிப்பார். வள்ளி உடனே பதில் சொல்லமாட்டார். மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார், தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார், ஆர்மோனியக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் இங்கேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். “சாமி, தினைக்கு நான் காவல். எனக்குக் காவல் கேட்கிறீர்களே, உங்கள் நாக்குக்கு யார் காவல்?” அவ்வளவுதான், விசில் பறக்கும். நாரதர் சளைக்காமல் ஒரு புராணத்தை எடுப்பார், வள்ளி அதே புராணத்தில் ஓட்டை கண்டுபிடிப்பார். கல்யாணம் அவசியமா, பெண்ணுக்குப் படிப்பு வேண்டாமா, வரதட்சணை வாங்கினவன் ஆண்மகனா என்றெல்லாம் பேச்சு எங்கெங்கோ போகும். நடுவில் யாரோ ஒருவர் மேடையேறி நூறு ரூபாய் கொடுப்பார், அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறிவிட்டு விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இதை நீங்கள் ‘நீளம்’ என்று வெட்டுகிறீர்கள். வெட்டினால் என்ன மிஞ்சுகிறது என்று யோசித்தீர்களா? ஒரு பெண்ணை ஒருவன் துரத்துகிறான், வேஷம் போட்டு ஏமாற்றுகிறான், யானையை விட்டு மிரட்டுகிறான், அவள் பணிந்துவிடுகிறாள். இந்தக் காலத்தில் இதைப் பார்க்கும் இளம் பெண்ணுக்கு எரிச்சல்தான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. தர்க்கம் இருக்கும்போது கதையே வேறு. வந்தவன் எவனாக இருந்தாலும் வள்ளி வாயால் மடக்குகிறாள். சாமியே வந்தும் பேச்சில் ஜெயிக்க முடியாமல்தான் அண்ணனைக் கூப்பிட வேண்டிவருகிறது. யானை வருவது முருகனின் வெற்றி அல்ல, தர்க்கத்தில் அவர் தோற்றதற்கு அத்தாட்சி. கிராமத்துப் பெண்கள் விடியவிடிய உட்கார்ந்து ரசிப்பது அந்தத் தோல்வியைத்தான். உங்கள் இரண்டு மணி நேரப் பிரதியில் வள்ளிக்கு வெட்கப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லை.

அடுத்த பலி பபூன்.

ஸ்பெஷல் நாடகத்தில் ராத்திரியைத் திறந்து வைப்பவர் அவர்தான். படுதாவை விலக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்து பாடத் தொடங்குவார். பாதிப் பாட்டில் நிறுத்தி ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார். பின்பாட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்ப்பாட்டுப் பாடுவார், மிருதங்கக்காரர் பேச்சுக்கு ஒரு தட்டு வைப்பார். டோலக்கும், ஆல்ரவுண்டு என்கிற தாள வாத்தியமும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் டான்ஸ் பெண் வருவார், இருவருக்கும் காமிக். கூட்டம் உட்காரும் வரைக்கும் ஒப்பேற்றுகிற வேலை என்று நினைத்தால் தப்பு. இன்றைக்கு இந்த மேடையில் எதைப் பற்றியும் பேசலாம், யாரையும் கிண்டலடிக்கலாம் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறவர் பபூன். அந்த அனுமதி கிடைத்த பிறகுதான் வள்ளி நாரதரை மடக்க முடியும். பபூன் இல்லாமல் தொடங்கும் வள்ளி திருமணத்தில் எல்லோரும் கோயிலுக்குள் நிற்பதுபோல விறைப்பாக நிற்கிறார்கள்.

காமிக்கில் ஆபாசம் வருகிறது என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. சில ஊர்களில் எனக்கே முகம் சுளித்திருக்கிறது, டான்ஸ் ஆடும் பெண்ணின் நிலைமையை நினைத்து வருத்தமும் பட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து பபூனையே நீக்குவதல்ல. உங்கள் அரங்கின் ரசிகர் யார் என்பதை அவரிடம் சொல்லுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இடத்துக்கு ஏற்றபடி பேசுவதுதானே அவர் தொழில். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்த ஊரில் அதே பபூன் மாமியார் மருமகள் கதை சொல்லிச் சிரிக்க வைத்ததையும் பார்த்திருக்கிறேன். சபா வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காததை வைத்தே அரை மணி நேரம் ஓட்டிவிடுவார்.

பாட்டைப் பற்றி உங்களிடம் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான், சங்கீதம் உங்கள் வீட்டுச் சொத்து. ஆனாலும் சொல்கிறேன். பதிவு செய்த இசையோடு இந்த நாடகத்தை நடத்தவே முடியாது. அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா ‘காயாத கானகத்தே’ பாடியபோது அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உடன் இருந்தார். தம்பி எங்கே நிறுத்துவார், எங்கே மேலே ஏறுவார் என்பது அண்ணனுக்குத் தெரியும். கே.பி.சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் 1920களில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வள்ளியும் வேலனுமாக நின்ற மேடைகளில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும், அதே சமயம் எதிரே நிற்பவரின் பாட்டுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு சங்கதியை வீசினால் மற்றவர் அதைப் பிடித்துத் திருப்பி வீசுவார். ஒலிநாடாவோடு யார் தர்க்கம் செய்வது? கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் போய்விட்டார். அதே பாட்டு 1945இல் ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் குரலில் வந்து மறுபடி ஒரு ஆட்டம் போட்டது. மேடையில் அது இன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு ராஜபார்ட்டும் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையில், தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடுகிறார்கள்.

ஆர்மோனியத்தின் மேல் சபாக்களுக்கு இருக்கும் இளக்காரமும் எனக்குத் தெரியும். 1940இல் அகில இந்திய வானொலியே அந்தப் பெட்டியைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. கமகம் வராது, சுருதி பொருந்தாது என்றெல்லாம் சொன்னார்கள். கச்சேரிக்கு அது சரியோ தப்போ, நாடகத்துக்கு அந்த வழக்கு செல்லாது. நாடகத்தில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியம் அல்ல. யார் பாட்டை மறந்தாலும் எடுத்துக்கொடுப்பார், நேரம் போனால் சைகை காட்டுவார், பபூனுக்கு எதிராளி ஆவார். இயக்குநர் என்று ஒருவர் இல்லாத நாடகத்தில் இயக்குநர் வேலையை மேடை ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் அவர்தான். வயலினும் கீபோர்டும் வைத்து ‘மெருகேற்ற’ நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘மூலப் பிரதிக்கு விசுவாசமாக’ என்று சிலர் பேசுகிறீர்கள். அன்றைய அரசியல், அன்றைய வம்பு இதெல்லாம் நாடகத்துக்குள் வரக்கூடாதாம், புனிதம் கெட்டுவிடுமாம். விசுவநாததாஸ் என்று வெள்ளைக்காரன் காலத்தில் மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிய நடிகர் ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கட்டும். வள்ளி குருவி ஓட்டும் இதே நாடகத்தில்தான் மதுரகவி பாஸ்கரதாஸின் ‘கொக்குப் பறக்குதடி பாப்பா’ பாட்டைப் பாடினார். வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகைக்கு வெளியே நின்ற போலீஸ்காரனுக்கும் தெரியும். முருகன் வேஷத்தைக் கலைக்கக்கூட விடாமல் கைது செய்திருக்கிறார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, உங்கள் சென்னையில்தான், ராயல் தியேட்டர் மேடையில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவர் சுவாமிகளின் பிரதிக்குத் துரோகம் செய்தவரா? அன்றைய நாளை உள்ளே விட இடம் வைத்துத்தான் அந்தப் பிரதியே கட்டப்பட்டிருக்கிறது. தினைப்புனத்தில் எந்தப் பறவையை விரட்டுவது என்பதை அந்தந்தக் காலம் தீர்மானிக்கட்டும்.

மராட்டியர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1882இல் போட்ட ‘சங்கீத சௌபத்ரா’வும் நம் வள்ளி கதைக்குப் பங்காளிதான். அர்ஜுனன் சந்நியாசி வேஷத்தில் வந்து சுபத்திரையைக் கவர்கிறான், கண்ணன் பின்னாலிருந்து கயிறு இழுக்கிறார். அதை மறுபடி மறுபடி மேடையேற்றுகிறார்கள், மேடையோரம் ஆர்கனும் தபலாவும் இருக்கின்றன, பாட்டுப் பிடித்துவிட்டால் ரசிகர்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கிறார்கள், நடிகர் கதையை நிறுத்திவிட்டு மறுபடி பாடுகிறார். யாரும் அதை வரலாற்றுச் சின்னமாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. நம் சபாக்களில் ஒன்ஸ்மோர் கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கிறார்.

நேரம் இல்லை என்பீர்கள். இது நியாயமான கவலை. விடியவிடிய உட்கார நகரத்து ஆட்கள் வரமாட்டார்கள், கடைசி ரயில் போய்விடும். முழு இரவும் கேட்கவில்லை. மாலை ஐந்துக்கு ஆரம்பித்துப் பத்துக்கு முடியுங்கள், நடுவில் ஒரு காபி இடைவேளை விடுங்கள். இரண்டு தர்க்கமும், பபூன் காமிக்கும், கிழவன் காட்சியும், யானையும், கல்யாணமும் அதற்குள் அடங்கும். குறைக்க வேண்டும் என்றால் நம்பிராஜன் தர்பாரைக் குறையுங்கள், யாரும் வருந்தமாட்டார்கள். ஆனால் எதைக் குறைப்பது என்று நடிகர்களையே கேளுங்கள். நோட்டீஸில் போட்ட நேரத்துக்குள் நாடகத்தைச் சுருக்கவும் நீட்டவும் அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. மழை மேகம் கூடினால் ஒரு மணி நேரத்தில் கல்யாணத்தை முடித்து மங்களம் பாடிவிடுவார்கள்.

ஆண்டில் ஒரே ஒரு நாளாவது முழு இரவு நடத்த உங்களுக்குத் துணிவு இருந்தால், சட்டம் குறுக்கே நிற்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. கிராமத்துத் திடல்களில் அனுமதிக்காக விழாக் கமிட்டிக்காரர்கள் காவல் நிலையத்துக்கு அலைவது இதனால்தான். ஆனால் அரங்குபோன்ற மூடிய கட்டடத்தின் உள்ளே, உள்ளிருப்பவர்களுக்காக மட்டும் ஒலிபெருக்கி வைப்பதற்கு அந்த விதி விலக்குத் தருகிறது. திறந்தவெளியில் ஆடிப் பழகிய நாடகத்துக்குச் சட்டப்படி இடைஞ்சலில்லாத ராத்திரி உங்கள் குளிர்சாதன அரங்கில்தான் இருக்கிறது. மண்டப வாடகை வேறு விஷயம், அது உங்கள் பாடு.

கடைசியாக, யார் நடிப்பது என்பது. தயவுசெய்து பயிற்சிப் பட்டறை வைத்து உங்கள் ஆட்களுக்கு ‘ஸ்பெஷல் நாடக பாணி’ கற்றுக்கொடுக்காதீர்கள். அந்தப் பாணிக்காரர்கள் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறார்கள். நடிகர் சங்கங்கள் இருக்கின்றன, நாடக அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கே தெருவில் இறங்கிச் சுவரொட்டியைப் பார்த்தாலே ஸ்திரீபார்ட் யார், ராஜபார்ட் யார் என்று படத்தோடு இருக்கும். அவர்களைக் கூப்பிடுங்கள். ‘கிராமியக் கலைஞர்கள்’ என்று பொதுவாகப் போடாமல், அவர்கள் ஊர்ச் சுவரொட்டியில் இருப்பதுபோல ஒவ்வொருவர் பெயரையும் படத்தையும் அழைப்பிதழில் போடுங்கள். பொன்னாடை போர்த்திப் பயணப்படியோடு அனுப்பிவிடாமல், உங்கள் டிசம்பர் கச்சேரியில் முதல் வரிசை வித்வானுக்குக் கொடுப்பதில் ஒரு நியாயமான பங்கையாவது கொடுங்கள். நான்கு பேர் பேசி வாழ்த்தும் நிகழ்ச்சியை நாடகத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். பின்னாலும் வேண்டாம்.

பங்குனியிலிருந்து ஆடி வரை அவர்களுக்குத் தேதி கிடைப்பது கஷ்டம். வரிசையாக ஊர்த் திருவிழா இருக்கும், ஒரு ராத்திரி ஆடி முடித்த களைப்போடு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் அங்கே வேலை குறைவு. உங்களுக்கோ அதுதான் சீசன், அரங்கு எல்லாம் திறந்திருக்கும், ஊரே சங்கீதம் கேட்க வந்திருக்கும். ஐப்பசிக்குள் ஆள் அனுப்பி, முன்பணம் கொடுத்துத் தேதி வாங்கிவிடுங்கள். பபூனுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் முதலில் கொடுங்கள், அவர்கள் சரி என்றால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

இப்படிக்கு,
பின்வரிசை ரசிகன் ஒருவன்